மாங்காய்த் தொக்குத் தொழிலுக்குக் கிடைத்த வழிகாட்டல்: ஒரு மதிப்பீடு

காவேரிப்பட்டினத்தில் வீட்டிலேயே மாங்காய்த் தொக்கும் ஊறுகாயும் போட்டு விற்றுவரும் நான், அரைவை இயந்திரம் வாங்குவதற்காகப் பிரதம மந்திரியின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டத்தை நாடினேன். 2020-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நம் பங்காகக் குறைந்தது 10 விழுக்காடு போட வேண்டும்; மீதி வங்கிக் கடன்.

மானியத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது மாவட்ட வள நபரின் (விண்ணப்பிப்பவர்களுக்கு உதவ இத்திட்டத்தில் அமர்த்தப்பட்டவர்) உதவிதான். காய் வரத்து சில மாதங்களிலேயே முடிந்துவிடும் என்பதால், ஆண்டு முழுவதற்கும் உப்பிலிட்டு வைக்கும் காயில் எவ்வளவு முதல் முடங்கும் என்பதைப் பொறுமையாகக் கேட்டு, அதற்கேற்ப நடைமுறை மூலதனத்தையும் சேர்த்துத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுத்தார். இதற்கு நாம் பணம் தர வேண்டியதில்லை, அரசே தருகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவும் இலவசமே. அது தெரியாமல் முன்பு ஒரு கணினி மையத்தில் 1,500 ரூபாய் கொடுத்தது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

திட்டத்தில் தந்த பயிற்சியின் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது பெருங்குறை. மேலும், மானியம் கைக்கு வராது என்பதை முதல் நாளிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்: அது வங்கியில் தனியாக வைக்கப்பட்டு, மூன்றாண்டுகள் தவணை ஒழுங்காக இருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். மாம்பழத் தொழிலில் இருப்பவர்கள் தை மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. எனக்கு இயந்திரம் வந்தபோது சீசன் பாதி முடிந்திருந்தது.