பின்னால் மடங்கும் விரல்களும் கம்பிக் கித்தாரும்

கித்தார் கம்பியை அமத்தும்போது விரலின் நுனி மூட்டு பின்னால் மடங்குகிறவர்களுக்கு “வாசிக்க வாசிக்கச் சரிவரும்” என்பது உதவாத ஆறுதல். மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்வாக இருப்பதால்தான் அது மடங்குகிறது. எவ்வளவு அமத்துகிறோமோ அவ்வளவுக்குச் சுமை அந்த நார்களில் ஏறும். ஆகவே முதலில் திருத்த வேண்டியது கித்தாரை.

அக்கூஸ்டிக் கித்தாரில் பெரும்பாலும் 12-53 கம்பிதான் போட்டிருக்கும் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில்). அதை 10-47 ஆக மாற்றினால் முதல் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 30 வீதம் குறையும். அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, முதலாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அமத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டால் இன்னும் 11 வீதம். ஒலி மெலியும். மைக் இல்லாமல் பாடகர் குழுவுக்கு வாசிப்பவருக்கு அது குறைதான். வீட்டில் வாசிப்பவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நைலோன் கம்பி இன்னும் மெது, ஆனால் கழுத்து அகலம். விரலை அகட்டவேண்டி வருவதால் தளர்ந்த மூட்டுக்கு அது வேறொரு தொல்லை.

அடுத்தது கம்பியின் உயரம். 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே தடித்த கம்பி 2 மி.மீ., மெல்லியது 1.5 மி.மீ. உயரத்தில் நின்றால் போதும். அங்கே அரை மி.மீ. குறைய, சேடிலின் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். F கோட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) மட்டும் படாதபாடு படுத்துகிறதா? முதலாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு அதே பிடியை ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று இலகுவானால் குற்றம் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டில். நட்டை அரத்தால் அராவுவது தெரிந்தவர் கைக்குரிய வேலை. ஆழம் கூடினால் கம்பி இரையும்.

மட்டக்களப்பில் இந்த அளவு வருடம் முழுக்க நிற்காது. மாரியில் ஈரம் குடித்து மேற்பலகை உப்பும், கம்பி உயரும், விரல் மறுபடி மடங்கத் தொடங்கும். வறண்ட கச்சான் காற்று வீசும்போது பலகை காய்ந்து கம்பி தாழும். ஃபிரெட் முனைகளும் கையில் கீறும். உயரம் வேறான இரண்டு சேடில்கள் வைத்துக்கொண்டு காலத்துக்கேற்ப மாற்றுவதே மலிவான வழி. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ரொட்டைச் சும்மா சும்மா திருகவேண்டாம்.

இனி விரல். C கோட்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். முதல் கம்பி செத்து ஒலித்தால் சுட்டுவிரல் நுனி மடங்கிப் படுத்திருக்கிறது. மூன்றாவது செத்தால் நடுவிரல். நகத்தை ஒட்ட வெட்டி, ஃபிரெட்டுக்கு மிக அருகில் விரலை நிறுத்தி, ஒலி தெளியும் வரை மட்டும் அமத்த வேண்டும். ஃபிரெட்டிலிருந்து பின்வாங்கினால் அதே ஒலிக்குக் கூடுதல் பலம் தேவை.

அதற்கும் அடங்காத மூட்டுக்கு, சற்று மடக்கிய நிலையில் உள்ளங்கைப் பக்கமாக ஒடுங்கிய துணிப் பிளாஸ்டரைக் குறுக்குமறுக்காக ஒட்டலாம். கம்பி படும் சதை வெளியே இருக்கட்டும். வேர்வையில் சீக்கிரம் கழன்றுவிடும் என்பதுதான் இதன் குறை. எட்டு வடிவ பிளாஸ்டிக் வளையம் நடு மூட்டுக்கு நன்று. நுனி மூட்டில் போட்டால் பக்கத்துக் கம்பியில் இடிக்கும். எதைப் போட்டாலும் நுனி விறைத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.