உப்புக்காற்றில் ஒரு ஆர்எக்ஸ் 100: மூன்று வருடம், 17,000 கிலோமீட்டர்

கடலோரத்தில் இருக்கும் எங்கள் தேவிபட்டினத்தில் துணியைக் கொடியில் காயப்போட்டு இரவு எடுக்க மறந்துவிட்டால், காலையில் தொட்டதும் பிசுபிசுக்கும். வாடைக் காலத்தில் ஜன்னல் கம்பிகூட அப்படித்தான் இருக்கும். அந்தக் காற்றில் ஒன்பது வருடம் தென்னங்கீற்றுக் கொட்டகையில் நின்ற வண்டியை 2022 ஆடியில் வாங்கினேன். 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 2023 தையில் ரோட்டுக்கு வந்தது. இப்போது மூன்று வருடம் முடிந்து 17,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகவர இதுதான் என் வண்டி.

ஆர்எக்ஸ் 100 பற்றி எல்லோருக்கும் தெரியும். 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இங்கே தயாரித்தது. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், நாலு கியர். ஆனால் கடலோரத்தில் நின்ற வண்டியை எடுத்து, கடலோரத்திலேயே ஓட்டுவது எப்படி இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் ஒரு வருடமும் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வண்டிக்குச் சொந்தக்காரர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன், துபாயில் இருக்கிறார். அவர் மனைவிதான் பேசினார். "கோழி அடையத்தான் கிடக்கு தம்பி, எடுத்துட்டுப் போங்க. ஆனா உடைச்சு சாமானா விக்கிறதா இருந்தா வேணாம். அவுக கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குன வண்டி." 22,000 ரூபாய்க்கு முடிந்தது. அண்ணன் லீவில் வந்து பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போடும் வரை வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட நான் கழற்றவில்லை. இதில் அவசரப்படாதீர்கள். ஆர்சி தனியார் வண்டிக்கு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதையும் வண்டி விலையோடு சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். நான் புதுப்பித்தபோது கட்டணம் 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து அது 2,000.

அதைவிட முக்கியம் சேசிஸ் நம்பர். ஹேண்டில் கழுத்துப் பக்கம் பொறித்திருப்பார்கள். நம் ஊர்க் காற்றில் நின்ற வண்டியில் முதலில் துரு தின்பது அந்த இடத்தைத்தான். வாங்கும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் தாளில் விழ வேண்டும். விழவில்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த நம்பர்தான் வண்டி.

செலவுக்கு நான் வைத்த எல்லை 60,000. வண்டி 22,000, இன்ஜின் 11,500, ரிம், ஸ்போக்ஸ், டயர், டியூப் 8,200, வயரிங்கும் விளக்கும் 4,300, சேசிஸ் கோட்டிங், டேங்க் பெயின்ட் 7,000, ஆர்சி பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 4,000. ஆக 57,000. எல்லைக்குள் நின்றுவிட்டது என்று அன்று சந்தோஷப்பட்டேன். அது நிலைக்கவில்லை, கீழே சொல்கிறேன்.

முதலில் இன்ஜின். ராமநாதபுரத்தில் லேத்துக்குக் கொடுத்து சிலிண்டரை உள்பக்கம் கடைந்து (போர் செய்து), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மாட்டினேன். கிக்கரை நாலு முறை உதைத்ததும் எடுத்துவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இறங்கவே இல்லை, அலறுகிறது. கார்ப்பரேட்டர்தான் என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே அலறல். கடைசியில் முப்பது வருடமாக டூ ஸ்ட்ரோக்கே பார்க்கும் மெக்கானிக் பாய் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். அப்புறம் இடதுபக்க கவரைக் கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் ஆயில் எடுத்து, கரண்ட் உண்டாக்கும் மேக்னட்டுக்குப் பின்னால் பீய்ச்சினார். அலறிக்கொண்டிருந்த வண்டி தடக்கென்று இறங்கி, ஒரு மூச்சுப் புகை விட்டு, மறுபடி ஏறியது. "பாத்தீங்களா தம்பி, மூக்கால வாங்க வேண்டிய மூச்ச விலாவால வாங்குது" என்றார்.

விஷயம் இதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் பெட்டிக்குள் (கிராங்க் கேஸ்) இறங்கி, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள ஆயில் சீல் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகி ஓடாகிவிடும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்து, ஐடிலிங் தானாக ஏறும், சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் செய்யும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். பாய் இன்ஜினைப் பிரித்து அந்த சீலை என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் அழுத்தினேன், வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. சீல், கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு எல்லாம் மாற்றினோம். ரொம்ப நாள் நின்ற டூ ஸ்ட்ரோக்கை எடுப்பவர்கள் பிஸ்டனுக்குச் செலவு செய்யும் முன் இந்த இரண்டு சீலுக்குச் செலவு செய்யுங்கள். விலை சில நூறுதான்.

டேங்கின் உள்ளே டார்ச் அடித்தால் செம்மண் கண்மாய் மாதிரி இருந்தது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி, வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, இரண்டு நாள் வைத்தேன். வடித்தால் கட்டாஞ்சாயா நிறத்தில் கொட்டியது. மூன்று தடவை. பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அலசி, ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்து, உடனே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) ஊற்றிச் சுழற்றிவிட்டேன். அந்த "உடனே" முக்கியம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தால் போதும், நம் காற்றில் மறுபடி பழுப்பு பூத்துவிடும்.

இனி அந்த 57,000 நிலைக்காத கதை. சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்ய மலிவாக ஓர் இடம் கிடைத்தது. சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சி, துருவை முழுதாக எடுத்துவிட்டுத்தான் கோட்டிங் போடுவோம் என்றார்கள். வந்தபோது கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் வாடைக் காலத்து மார்கழியில் கழுவும்போது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம் ஒரு கொப்புளம் கையில் தட்டுப்பட்டது. நகத்தால் கீறினேன். கறுப்புத் தோல் அப்படியே உரிந்தது, அடியில் பழைய துரு. வெறும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மேலே கோட்டிங் அடித்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் மாசக்கணக்கில் தின்றிருக்கிறது. எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்தக் கொட்டகையில் ஒன்பது வருடம் தாங்கிய இரும்பு, என் கையில் வந்த முதல் வருடத்தில் அரித்தது.

இரண்டாம் வருடம் எல்லாவற்றையும் கழற்றி, பிளாஸ்டிங் நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த அன்றே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடிக்கவைத்து, மேலே பெயின்ட் கொடுத்தேன். சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டிக் காப்பாற்றினேன். குழாய்களுக்குள் ஓட்டை வழியாக ஆயில் ஊற்றிச் சுழற்றினேன். இதற்கு 6,200. மொத்தம் 63,200. இந்த முறை பளபளப்பு குறைவு. ஆனால் அதற்குப் பிறகு வந்த வாடைகளில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் இரும்பு அரிப்பைச் சோதிக்க, பாம்பனுக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு நம் காற்று. அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி மேல் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. மழையே பெய்யாத நாளிலும் ராத்திரி முழுக்க இரும்பு நனைந்துதான் நிற்கிறது. அதனால் துருவைத் தடுக்கும் முதல் வேலை உப்பைக் கழுவுவது. ஆனால் எதைக் கொண்டு கழுவுவது? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும், கழுவாமலே இருந்திருக்கலாம். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க, சமைக்க. அதை வண்டிக்கு ஊற்ற எனக்கு மனசு வராது, வீட்டிலும் விட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடிவைக்கிறேன். வாரத்துக்கு அரை வாளி போதும். ஊற்றிக் கழுவுவதில்லை. ஈரத்துணியால் ஒருமுறை, அதை அலசிப் பிழிந்து மறுமுறை, கடைசியில் காய்ந்த துணி. ஸ்போக்ஸ் முனை, ஃபோர்க் ராடு, சைலன்சர் அடி, இந்த மூன்றிலும் கொஞ்சம் ஆயில் தடவிவிடுவேன். இருபது நிமிட வேலை. பங்குனிக்குள் டிரம் காலியாகிவிடும். அதன் பிறகு ஈரத்துணிக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு செம்பு.

வயரிங்கைப் பிரித்தபோது ஒவ்வொரு கப்ளரிலும் பச்சைக் களிம்பு. பழையதைச் சுரண்டாமல் முழு செட்டையும் மாற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் வாசலின் தடவி மாட்டினேன். மூன்று வருடத்தில் கரண்ட் கோளாறு ஒருமுறைகூட இல்லை. பத்து ரூபாய் வாசலினுக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் நான் பார்க்கவில்லை.

அழகுக்காக இன்ஜின் கவர் ஸ்குருவை எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றுகிறார்கள். கடலோரத்தில் இதை யோசித்துச் செய்யுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் இறங்கி நடுவில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். ஒரு நாள் ஸ்குரு மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். போடுவதென்றால் மரையில் நன்றாக கிரீஸ் தடவி, வருடம் ஒருமுறை இளக்கி மாட்டுங்கள். கம்பெனி கொடுத்த செயின் கவரையும் கழற்றாதீர்கள். செயின் தெரிந்தால் அழகுதான், ஆனால் அந்தக் கவரால்தான் என் செயின் முதல் செட்டிலேயே இன்னும் ஓடுகிறது.

ஓட்டம் எப்படி? முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டவில்லை. அதன் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை நேரத்தில் மூன்றாவது கியரில் முறுக்கும்போது வரும் அந்த இழுவை, அதற்காக இன்னொரு 63,000 கூடச் செலவு செய்வேன். லிட்டருக்கு 38 முதல் 42 வரை கிடைக்கிறது, 2டி ஆயில் தனி. இந்தக் காலத்துக்கு இது செலவு வைக்கும் வண்டிதான். பிரேக் இரண்டும் டிரம். பின்னால் ஆள் ஏறினால் முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். ஹெட்லைட் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும், ராத்திரி தூரப் பயணத்துக்கு நான் எடுப்பதில்லை.

ஒருமுறை அரிச்சல்முனை வரை போனேன், ஒரு பக்கம் 90 கிலோமீட்டருக்குக் கிட்ட. பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளியது. எடை குறைந்த வண்டி, கைப்பிடியை இறுக்காமல் உடம்பைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து ஓட்டினால் நேராகப் போகும். தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் கடல். திரும்பி வந்து டேங்கைத் தடவினால் விரலில் வெள்ளை. அன்று மட்டும் ஒரு முழு வாளி மழைத்தண்ணீர் செலவானது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு கவனம் கூட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. பெட்ரோல் டியூபையும் கார்ப்பரேட்டர் ஓரிங்கையும் மாற்றிவிட்டேன். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிடுகிறேன்.

இப்போது மிச்சம் இருப்பது முன் ஃபோர்க். இடது ராடில் குரோமியம் புள்ளி புள்ளியாக அரித்து, ஆயில் சீலை இரண்டாவது தடவை கிழித்துவிட்டது. சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ராடைக் கழற்றி ஹார்டு குரோம் போட வேண்டும். மதுரையில் விலை கேட்டிருக்கிறேன். ஆவணிக்குள் செய்துவிட்டால் இந்த வாடைக்கு முன் மாட்டிவிடலாம்.