த்ரீடி ஸ்கேனர்: மூணு வருசத்துல அளவு எங்கெல்லாம் தப்புச்சுன்னு சொல்றேன்

கோயமுத்தூர் கணபதில பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கற மாதிரி) ஜாப் ஒர்க் பண்றோமுங்க, பம்பு கேசிங், இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தற சக்கரம்) இந்த மாதிரி. ப்ளூ லைட் ஸ்கேனர் வாங்கி மூணு வருசமாச்சு, ரெண்டு கேமரா, நடுவுல கோடு கோடா வெளிச்சம் அடிக்கற ப்ரொஜெக்டர். நல்ல மெஷின் தானுங்க, ஆனா டிராயிங்குக்கும் பீஸுக்கும் உள்ள வித்தியாசத்தக் கலர்ல காட்டற கலர் மேப்ப அப்படியே நம்புனா வம்பு.

போன சித்திரை வெயில்ல 600 மிமீ அலுமினிய மேட்ச் பிளேட் (பேட்டர்ன் பதிச்ச தட்டு) ஒண்ணு, நீளத்துல 0.2 மிமீ கூடுதல்னு ஓரமெல்லாம் செகப்பா காட்டுச்சு. எங்க மேஸ்திரி அண்ணன் "நான் அப்படி விட்டிருக்க மாட்டேன் கண்ணு"ன்னாரு, நான் தான் கேக்காம திருப்பி மில்லிங் ஏத்தச் சொல்லிப்போட்டேன். ஏத்தறதுக்கு முன்னாடி அவரு பெரிய வெர்னியர் வெச்சுப் பாத்தா அதுல பாதி தான் வருது, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஷெட்டுக்குள்ள 35 டிகிரி, டிராயிங் அளவு 20 டிகிரிக்கு, அலுமினியம் ஒரு மீட்டருக்கு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும், கணக்குப் போட்டா அதே 0.2. வெர்னியர் ஸ்டீலு, அதுவும் கூடவே பாதி நீண்டிருக்கு. அண்ணன் செஞ்சது சரிங்க, அவருகிட்ட அன்னைக்கே மன்னிப்புக் கேட்டேன்.

இப்ப ஆன் பண்ணி அரைமணி நேரம் சூடாக விட்டு, ஏசி ரூம்ல இல்லாம ஸ்கேன் பண்ற எடத்துலயே கலிப்ரேஷன் பண்ணி, ஸ்கேல் பார் (நீளம் துல்லியமாத் தெரிஞ்ச கம்பி) ஒருக்கா அளந்துட்டுத்தான் பீஸ எடுக்கறது. பக்கத்துல கம்ப்ரசர் ஓடுனா அதிருமுன்னு அத நிறுத்திருவோம்.

பளபளன்னு மெஷின் பண்ண எடத்துக்கு ஸ்ப்ரே வேணும், ஆனா கிராக் டெஸ்ட்டுக்கு அடிக்கற வெள்ளை டெவலப்பர தாராளமா அடிச்சா அந்தத் தடிப்பும் அளவுல சேந்துக்கும், பேரிங் சீட்டுல அப்படி ஏமாந்தோம், இப்ப தானா ஆவியாகிப் போறத மெல்லிசா அடிக்கறோம்.

ரொம்ப முக்கியம் அலைன்மென்ட்டுங்க, அதாவது ஸ்கேன டிராயிங் மேல பொருத்தறது. மொத்தமா எப்படி நல்லாப் பொருந்துதோ அப்படி வெக்கற பெஸ்ட் ஃபிட் போட்டா, ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் மாட்டற விளிம்பு) மட்டும் வளைஞ்சிருந்தாலும் சாஃப்ட்வேர் அந்தத் தப்ப பீஸ் பூராத்துக்கும் பங்கு போட்டுரும், எல்லாமே கொஞ்சங் கொஞ்சம் பச்சை மஞ்சளா அழகாத் தெரியும், கஸ்டமர்கிட்ட போல்ட் ஹோல் சேராது. டிராயிங்ல இருக்கற டேட்டம் முகத்த (அளவெல்லாம் தொடங்கற ஆதார முகம்) வெச்சு உக்கார வெச்சீங்கன்னா தப்பு எங்கிருக்கோ அங்கயே காட்டும்.

நீள பீஸுன்னா மார்க்கர் (அடையாளப் புள்ளி) ஒட்டி ஒரு கோடியில இருந்து ஸ்கேன ஒண்ணோட ஒண்ணு தொடுத்துட்டே போகாதீங்க, தப்பும் சேந்துட்டே போவும், நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போங்க.

மூடுன இம்பெல்லரோட வேனுக்குள்ள (இறக்கைகளுக்கு நடுவுல) மட்டும் இன்னும் சரியா வரல, ஒரு பீஸ அறுத்துத்தான் பாக்கறோம்.