ஷூர் வி-15, டெனான் டிஎல்-103, நடுவில் ஒரு டெக்னிக்ஸ் ஆர்ம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயரின் ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கை) டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) பொருந்தி உட்கார்ந்துவிட்டது. ஷூர் வி-15 டைப் 3 கார்ட்ரிட்ஜும் ஓடுகிறது, ஆனால் இசைத்தட்டைப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது. சில வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். ஒலியில் ஷூர் எந்த விதத்திலும் இளைத்ததல்ல. விவகாரமெல்லாம் எடையில்தான்.

ஊசியைத் தாங்கும் நுண்ணிய தண்டான கான்டிலீவரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங். அதன்மேல் ஆர்ம் ஒரு சுமை. இரண்டும் சேர்ந்தால் தங்களுக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஆடும், அதுதான் ரெசனன்ஸ். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவு ஆர்மை ஆட்டத் தொடங்கும். மேலே ஏறி 20ஐ நெருங்கினால் பாஸோடு கலந்து குழப்பும். கணக்கு பெரிய விஷயமில்லை: ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ், கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (அந்த ரப்பர் எவ்வளவு எளிதாக வளைகிறது என்ற எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் போதும். எஃபெக்டிவ் மாஸ் என்பது ஆர்மைத் தராசில் வைத்தால் வரும் எடை அல்ல, ஊசி முனையில் உணரப்படும் எடை.

டெக்னிக்ஸ் ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் அதன் 7.5 கிராம் ஹெட்ஷெல்லோடு (கார்ட்ரிட்ஜைத் திருகும் முனைப்பகுதி) 12 கிராம். ஷூர் 6 கிராம், கம்ப்ளையன்ஸ் சுமார் 30. திருகையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 7 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வருகிறது. டிவிஎஸ் 50 ஷாக் அப்சார்பர் மேல் லாரி பாடியை ஏற்றிய கதை. தட்டையான எல்பி என்றால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வளைந்த தட்டை வைத்து, பாட்டு தொடங்குமுன் வெறும் தடத்தில் ஊசி ஓடும்போது ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிப் பாருங்கள்: சத்தமே இல்லாமல் வூஃபர் கோன் முன்னும் பின்னும் போய்வரும். ஆம்ப்ளிஃபையரின் சக்தியில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

இந்த ஷூர் 1973ல் வந்தது. தட்டின்மேல் ஊசியின் அழுத்தம் ஒன்றேகால் கிராமுக்கு மேல் கேட்காது; முக்கால் கிராமிலேயே ஓடக்கூடியது. எடை குறைந்த ஆர்ம்களுக்காகப் பிறந்தது. அதன் இயல்பான ஜோடி எஸ்எம்இ 3009 சீரிஸ் 2 இம்ப்ரூவ்டு ஆர்ம், அதிலும் ஹெட்ஷெல் கழற்ற முடியாத வகை. அந்த ஆர்ம் 6.5 கிராம்தான் என்பதால் அதே ஷூர் அங்கே 8 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. பின்னால் வந்த டைப் 4ல் ஷூர் முன்பக்கம் ஒரு சின்ன பிரஷ்ஷை வைத்ததும் இந்த ஆட்டத்தை அடக்கத்தான். டைப் 3ல் அது இல்லை.

இனி வின்டேஜ் விவகாரம். ஒரு விற்பனையாளரிடம் பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் ஊசி ஒன்று வாங்கினேன். சோதனைத் தட்டில் போட்டால் ரெசனன்ஸ் 10ஐத் தாண்டிப் போய் நின்றது. வூஃபர் அசையவே இல்லை. பார்த்தால் அருமையான பொருத்தம்! உண்மையில் ரப்பர் இறுகிப் போயிருந்தது. பாடகி 'ச' சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் எச்சில் தெறிப்பது மாதிரி ஒரு கரகரப்பு, தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக இன்னும் மோசம். அழுத்தத்தைக் கூட்டியும் போகவில்லை. அந்தக் காலத்து விளம்பரத்தாளில் உள்ள கம்ப்ளையன்ஸ் எண் அன்றைய ரப்பருக்கு உரியது; உங்கள் கையில் இருப்பது ஐம்பது வருடம் கழித்து மிச்சமிருக்கும் ரப்பர். அதனால் பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது உடலைப் பழையதாக வாங்குங்கள், ஊசியைப் புதிதாக வாங்குங்கள். இப்போது நான் போட்டிருப்பது ஜப்பானின் ஜிகோ செய்யும் மாற்று ஊசி. ரெசனன்ஸ் 8 பக்கம் நிற்கிறது, 'ச'வும் சுத்தம். 2018ல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டதால் வேறு வழியும் அதிகமில்லை.

டெனான் கதை நேர் எதிர். 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவாகி, இன்றும் தயாரிப்பில் இருப்பது. 8.5 கிராம், இரண்டரை கிராம் அழுத்தம், உருண்டை முனை ஊசி. கம்ப்ளையன்ஸ் 5 என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது தடித்த ஆர்முக்கு மட்டும்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த 5, ஜப்பானிய வழக்கப்படி 100 ஹெர்ட்ஸில் அளந்தது. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸில் உள்ள மதிப்பு. ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளலாம். 9 என்று வைத்தால் டெக்னிக்ஸ் ஆர்மில் பதினொன்றரை ஹெர்ட்ஸ் வருகிறது, பாதகமில்லை. நான் 11 கிராம் ஹெட்ஷெல் போட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினேன். பாஸில் பிடிப்பு கூடியது. முன்பு மிருதங்கத்தின் தொப்பி சற்று மொத்தையாகக் கேட்கும், இப்போது அடி அடியாகப் பிரிகிறது. ஒரு விஷயம்: ஹெட்ஷெல்லும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பதினேழரை கிராமைத் தாண்டினால் எம்கே2 ஆர்மின் பின்முனையில் சமன் செய்யும் கவுன்டர்வெயிட் மட்டும் போதாது, பின்னால் திருகும் துணை எடையும் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அது கூட இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆர்ம் பொருந்தினாலும் மின்சாரப் பக்கம் ஒன்று பாக்கி. ஷூர் 400 முதல் 500 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் லோடு கேட்கும். இன்றைய போனோ பிரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலை உயர்த்தும் கருவி) பலவற்றில் அதில் கால்வாசிதான் இருக்கும், மேல்ஸ்தாயி மாறிக் கேட்கும். கெபாசிட்டன்ஸ் மாற்றும் ஸ்விட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தொல்லை விட்டது. டெனானுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான் என்பதால் எம்சி (மூவிங் காயில்) வகைக்கான உள்ளீடோ ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாமல் ஆகாது. இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஷூர் போன்ற எம்எம் (மூவிங் மேக்னட்) வகைக்கான பிரீஆம்ப் மட்டும் வைத்திருப்பவருக்கு ஷூரும் புது ஊசியும் மலிவாகவே முடியும், தட்டுகள் தட்டையாக இருக்கும் பட்சத்தில்.