சுங்கை சிப்புட்டில் பழைய மினிக்கு எக்சாஸ்ட் பார்க்க நல்ல பட்டறை

மினி காரின் எக்சாஸ்ட் (புகைபோக்கி) குழாய், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டை ஒட்டித் திரும்பத் திரும்ப விரிசல் விட்டால், குற்றம் பெரும்பாலும் குழாயின் மேல் இல்லை. இதைத் தெரிந்து வேலை செய்கிற பட்டறை ஒன்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. டவுனிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், தகரக் கூரை போட்ட சின்ன இடம்.

என்னுடையது அப்பா ஓட்டிய 998 சிசி மினி. முன்பு வேறோர் ஊரில் காட்டியபோது விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பின்பக்கச் சைலன்சரையும் இரும்புப் பட்டையால் வண்டியின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமோடு இறுக்கிவிட்டார்கள். அப்புறம் வண்டிக்குள் பேச முடியாத இரைச்சல். விரிசலும் அதே இடத்தில் வந்து நின்றது.

இங்கே பட்டறைக்கார அண்ணன் முதலில் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. பானட்டைத் திறந்து வைத்து, என்னை எக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடச் சொன்னார். “பாருங்க தம்பி, என்ஜினே இந்த ஆட்டம் ஆடுது. பைப் என்ன செய்யும்?”

மினியில் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால், மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது மேலே இருக்கும் ஸ்டெடி பார் என்ற கம்பி. அதன் ரப்பர் புஷ் (மெத்தை வளையம்) தேய்ந்தால் அந்த ஆட்டம் முழுவதும் குழாயின் கழுத்தில் இறங்கிவிடும். கியர்பாக்ஸ் பக்கம் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டும் என் வண்டியில் இல்லை. முன்பு கழற்றியவர்கள் திரும்பப் போடவே இல்லை!

புஷ் மாற்றினார், பிராக்கெட்டைப் பொருத்தினார், இரும்புப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு முறையான ரப்பர் மவுண்ட் போட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அவர் இறுக்கிய விதம். எல்லாக் கிளாம்பையும் தளர்வாக மாட்டி, குழாயைக் கையால் அசைத்து, அது தானாக ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் மேனிஃபோல்டில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னால் இறுக்கிக்கொண்டு போனார். வளைத்துப் பிடித்து முடுக்கினால் அந்த இழுவிசை குழாயிலேயே தங்கிவிடும். சூட்டில் நீள்வதற்கும் இடம் வேண்டும். இரும்புக் குழாய் 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். சைலன்சருக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 320 வெள்ளி (ரிங்கிட்). நியாயமான காசு. குறை என்றால், மினி சாமான் கைவசம் இருக்காது, ஈப்போவிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை கூட்டம் நெரியும், முதலிலேயே போன் செய்துவிட்டுப் போங்கள்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் குழி பறித்துப்போட்ட தோட்டத்துச் செம்மண் பாதையில் இப்போது ஓட்டுகிறேன். அடியில் ஒரு தட்டல் சத்தம் இல்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் ரப்பர்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மினியில் ஆயில் கசிவது சகஜம். ஆயில் பட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும். அதைப் பார்த்துக்கொடுக்க அவர் காசு வாங்குவதில்லை.