துரு ஏற்றப் பொடியா, ஆயில் பெயின்ட்டா, உப்பா?

மொரப்பூர் ஸ்டேஷனில் சரக்கு ரயில் கடக்கும்போது பாக்ஸ்-என் வேகனின் (மேலே திறந்த இரும்புச் சரக்குப் பெட்டி) பக்கவாட்டைக் கவனியுங்கள். விலாக்கம்பிகளின் அடியிலும் கதவுக் கீல்களிலும் துரு கருஞ்சிவப்பாக இருக்கும், அங்கிருந்து வழிந்த கோடு மங்கிய ஆரஞ்சாக இறங்கும். உட்புறம் சரக்கு உரசி உரசிப் பெயின்ட் போய், முழுக்கப் பழுப்பு. இந்த வித்தியாசத்தை 1:87 ரயில் மாடலில் (அசலின் 87-ல் ஒரு பங்கு அளவு) கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

மலிவானது பொடி. தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு தருமபுரி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அப்படியே போட்டால் செங்கல் நிறம் அடிக்கும். இரண்டு பங்கு ரெட் ஆக்சைடுக்கு ஒரு பங்கு கரித்தூள் கலந்தால் பழைய துருவின் நிறம் வரும். ஊர்ச் செம்மண்ணைச் சலித்துச் சேர்ப்பதானால் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும்: 0.2 மி.மீ. மணல்கூட இந்த அளவில் 17 மி.மீ. கல்லாகத் தெரியும். மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாதது) அடித்த பரப்பில்தான் பொடி பிடிக்கும். மேலே மறுபடி வார்னிஷ் அடித்ததும் பாதி காணாமல் போகும், அதனால் இரண்டு தடவை போட வேண்டியிருக்கும். வேகனின் உட்புறத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. வழிந்த கோடு மட்டும் பொடியில் சரியாக வராது.

அதற்கு ஆயில் பெயின்ட்தான். பர்ன்ட் அம்பரையும் (கரும்பழுப்பு) பர்ன்ட் சியன்னாவையும் (செம்பழுப்பு) ஒரு அட்டையில் பிதுக்கி அரைமணி நேரம் வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிவிடும், காய்ந்தபின் பளபளப்பு இருக்காது. கீலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவு அம்பர் பொட்டு, ஓரத்தில் கொஞ்சம் சியன்னா. பத்து நிமிடம் கழித்து, மினரல் டர்பென்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பிரஷ் ஈரமாக இருந்தால் கோட்டின் ஓரத்தில் கறை வளையம் விழும். பிசகினால் டர்பென்டைன் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம், இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை. என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டைக் கரைப்பது) பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும். காய மூன்று நாள் ஆகும்.

உப்பு முறை, பெயின்ட் செதில் செதிலாக உரிந்த பக்கத் தகட்டுக்கு மட்டும். பழுப்பு அடித்துக் காயவைத்து, தண்ணீர் தொட்டுத் தூள் உப்பு தூவி, காய்ந்தபின் மேல் நிறம் அடித்து, உப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். கல் உப்பு வேண்டாம், 3 மி.மீ. கல் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான ஓட்டையாகத் தெரியும். சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், முடித்ததும் நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் மிச்ச உப்பு வார்னிஷுக்கு அடியில் வெள்ளை பூக்கும். கம்பெனி அச்சிட்ட எண்களும் மேல் நிறத்தில் மறைந்துபோகும் என்பதால், நல்ல விலை கொடுத்து வாங்கிய வேகனில் இதைச் செய்ய மனம் வராது.

ஒரே ஒரு வேகனுக்கு நேரம் ஒதுக்குவதானால் வெளிப்புறம் ஆயில், உட்புறம் பொடி. பாக்ஸ்-என்னின் இன்னொரு வகையான பாக்ஸ்-என்-ஹெச்-எல் மாடலென்றால் கையை அடக்குங்கள்: அசலின் உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதற்குத் தூசியும் கரியும் போதும். கடைசி வார்னிஷை ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் ஏறிய முற்பகலுக்குத் தள்ளிவையுங்கள்.