இன்ஜின் மாற்றிய சிட்டி: நான்கு ஆண்டுகளும் ஒரு ரிலேயும்

ஆத்தூரில் இருக்கும் என் மைத்துனர் 2000ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா சிட்டி 1.3 ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, “மாமா, உங்க வண்டிக்குப் போட்ட மாதிரி இதுக்கும் விடெக் இன்ஜின் போட்டுடலாமா?” என்று கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் போடலாம் என்றும் இன்னொரு நாள் அந்தப் பேச்சே வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். என் வண்டி காலையில் எப்படி நடந்துகொண்டதோ அதைப் பொறுத்துப் பதில் மாறியது என்பதை அவரும் கண்டுபிடித்துவிட்டார். ஆகவே நான்கு ஆண்டுக் கணக்கையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

1998இல் இந்தியாவுக்கு வந்து 2003இல் நின்றுபோன அந்தச் சிட்டியைப் பற்றி வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாது. அதற்குப் பின் வந்த மாடல் 77 குதிரைத்திறனோடு வந்து மைலேஜ் பேசியபோது, பழைய சிட்டி வைத்திருந்தவர்கள் வண்டியை விற்காமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. நான்கு கதவும் பெரிய டிக்கியும் உள்ள இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று சிரிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இதன் அடித்தளம் எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த ஹோண்டா சிவிக் காருடையது. சிஆர்எக்ஸ் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டாம் தலைமுறையும் அந்தச் சிவிக்கின் உடன்பிறப்புதான். 1989இல் ஹோண்டா இன்டெக்ரா காரில் 1.6 லிட்டரிலிருந்து 160 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது விடெக், அதாவது அதிகச் சுழற்சியில் வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து திறனைக் கூட்டும் நுட்பம்; அதுவே ஒற்றைக் கேம்ஷாஃப்டுடன் எளிமையாகி, 1.5 லிட்டர் இன்ஜினில் 106 குதிரைத்திறனோடு நம் ஊர்ச் சிட்டிக்கும் வந்தது. என் தந்தை 1999இல் வாங்கியது 1.3, அதில் 90 குதிரைத்திறன்.

அந்த 1.3 இன்ஜின் இருபத்திரண்டு ஆண்டு உழைத்துவிட்டு நீலப்புகை விட ஆரம்பித்ததால்தான் மாற்றும் எண்ணமே வந்தது. பிரித்துப் போரிங் செய்து புது பிஸ்டன் போடும் செலவைக் கணக்கிட்டபோது, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நல்ல நிலையில் இருக்கும் விடெக் இன்ஜினையே கம்ப்யூட்டர், ஒயரிங்கோடு வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, முறையான பில்லும் பழைய வண்டியின் பதிவு ரத்தான தாளும் கிடைத்த இன்ஜினைத்தான் எடுத்தேன். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை 2019இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்போடு பார்த்தது. முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆர்சியில் புது இன்ஜின் எண்ணும் சிசியும் ஏறும்வரை நடையாய் நடந்து, காப்பீட்டிலும் அதைப் பதிந்துவிட்டேன். 2024இல் ஐந்தாண்டுப் புதுப்பித்தலுக்கு 5,000 ரூபாய் கட்டி வண்டியைக் காட்டச் சென்றபோது, ஆய்வாளர் ஒரு துணியால் பிளாக்கின் எண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார். அந்தத் துணிக்காகத்தான் அவ்வளவு நடையும்.

மாற்றும் வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின்கள் என்பதால் பழைய கியர்பாக்ஸின் போல்ட் துளைகள் அப்படியே பொருந்தின. கிளட்ச், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், மவுண்ட் நான்கும் புதிதாகப் போட்டோம். விடெக்குக்கு ஆயில் வழியைத் திறந்துவிடும் மின்வால்வான சாலினாய்டுக்கும் அதன் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கும் போகும் ஒயர்களைக் கூடுதலாக இழுத்தோம். 2021 பிப்ரவரியில் வண்டி கைக்கு வந்தபோது எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகியிருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏற்காட்டுக்கு ஏற்றினேன். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1.3 எத்தனை முறை என்னை முதல் கியருக்கு இறக்கியது என்பது எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும். நான்கு பேரும் பலாப்பழமும் ஏறியிருந்தால் பத்தாவது வளைவுக்கு மேல் ஏசியையும் அணைத்துவிடுவோம். புது இன்ஜின் இரண்டாவது கியரிலேயே வளைவைச் சுற்றி முனகாமல் ஏறிவிட்டது. இறங்கும்போதும் அதே கியர் வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் தீயும் வாடை மூக்கில் ஏறவில்லை.

இங்கேதான் நான் எதிர்பாராத விஷயம் ஒன்று இருந்தது. விடெக் என்பது, வால்வுகளைத் திறக்கும் மேடுகளான கேம்களில் சாதுவான கேமும் முரட்டுக் கேமும் ஒரே இன்ஜினுக்குள் இருப்பது. சுழற்சி ஐயாயிரத்தை நெருங்கும்போது ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி, கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் கைகளை ஒன்றாகப் பூட்ட, அதன் பிறகு இன்டேக் வால்வுகள் முரட்டுக் கேமின் பேச்சைக் கேட்கும். ஏற்காட்டு மலையில் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே அந்தச் சுழற்சிக்குப் போக இடமில்லை. போவதற்குள் அடுத்த வளைவோ, இறங்கிவரும் பேருந்தோ, நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கும் குரங்குக் கூட்டமோ வந்துவிடும். அப்படியானால் வண்டி எதனால் சுலபமாக ஏறுகிறது? இரண்டு இன்ஜினிலும் சிலிண்டரின் அகலம் ஒன்றுதான், 75 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76லிருந்து 84.5 மில்லிமீட்டராகக் கூடியதால் கிடைத்த அந்த 150 சிசிதான் மலையில் உழைக்கிறது. விடெக்குக்குப் பணம் கொடுத்தேன். வேலை செய்வது சாதுக் கேமும் நீண்ட ஸ்ட்ரோக்கும். விடெக்கின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் தருமபுரிப் பக்கம் தொப்பூர் மேட்டில் லாரி வரிசையைத் தாண்டும்போதுதான் கேட்கலாம். அங்கே அது எழுப்பும் ஒலியை நான் புகழ ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். சாலினாய்டு கேஸ்கெட் ஒரு முறை ஆயில் கசிந்தது, மாற்றினேன், முடிந்தது. அதை நான் குறையாகவே எண்ணவில்லை. 2022 ஏப்ரலில் ஆரம்பித்தது வேறு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வெள்ளிப்பட்டறைக்கு எதிரே வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற வண்டி, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது; இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுத் திருப்பினேன், ஒன்றுமே நடக்காதது போல் பிடித்துக்கொண்டது. அந்தக் கத்திரி வெயிலில் ஆறு முறை இப்படி ஆனது. சரக்குப் பெட்டியோடு கடைவீதியில் நின்றுகொண்டு, கொலுசுக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்கு ஃபோனில் என்ன சொல்வது என்று யோசித்த நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் ஷெட்டின் நிழலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டி முதல் திருப்பலிலேயே பிடிக்கும். “அண்ணா, வண்டி நல்லாத்தானே இருக்குது” என்பார். சோதித்துப் பார்க்கலாமென்று ஏற்காட்டுக்குப் போனால் ஐயாயிரம் அடி உயரத்தின் குளிரில் அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினோம், பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், பிறகு இன்னொரு மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சந்தேகித்தார், மூன்றாமவர் எங்கள் ஒயரிங்கையே பிரித்துத் திரும்பக் கட்டினார். ஒவ்வொருவரும் வேலையை முடித்துப் பில்லைக் கொடுக்கும்போது தவறாமல் சொன்னது ஒன்றுதான்: “இன்ஜின் மாத்துன வண்டின்னா இப்படித்தான் இருக்கும்.” மழைக்காலம் வந்தால் குறை மறையும், நான் நன்றி சொல்வேன், பங்குனி பிறந்ததும் அது திரும்ப வரும். இரண்டு ஆண்டில் இருபத்தெட்டாயிரம் ரூபாய் இப்படிப் போயிற்று. நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அவர்களில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. சூட்டில் மட்டும் வரும் குறையை நிழலில் யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

2024 ஜூனில் ஒரு நாள் பட்டறை வாசலில் வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது. கோபம் தீர்ந்து அலுப்பு மட்டும் மிஞ்சியிருந்ததால் அன்று பொறுமையாகக் கவனித்தேன். சாவியைப் போட்டதும் செக் இன்ஜின் விளக்கு இரண்டு நொடி எரிந்து அணைய வேண்டும். அந்த இரண்டு நொடியும் பின்பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப் மெல்ல முனக வேண்டும். விளக்கு எரிந்தது, முனகல் வரவில்லை. பம்போ புதிது. அதற்குக் கரண்ட் கொடுப்பது டேஷ்போர்டுக்குள்ளே தொங்கும் மெயின் ரிலே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. 1999இல் வண்டியோடு வந்த அதே பெட்டி. இன்ஜினை மாற்றினோம், கம்ப்யூட்டரை மாற்றினோம், ஒயர்களை மாற்றினோம், அதை மட்டும் யாரும் கையால் தொடவில்லை.

கழற்றிக்கொண்டு பட்டறைக்குள் போய் மூடியைத் திறந்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். ஐம்பது ஆண்டாகக் கொலுசுக்கு முத்து வைத்து ஊதுகிறவர். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, பலகையின் அடிப்பக்கத்தை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஊசி முனையால் ஓரிடத்தைத் தொட்டு என்னிடம் நீட்டினார். தடித்த கம்பிக்கால் ஒன்றைச் சுற்றியிருந்த ஈயத்தில், மயிரிழை அகலத்தில் ஒரு வட்டம். மோதிரம் போட்டதைப் போல, முழுவதுமாய்ச் சுற்றி வந்திருந்தது. “பத்தவச்சது விட்டுப் போச்சுடா. வைக்கும்போது நல்லாத்தான் வச்சிருக்கான். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, காலு வேற ஈயம் வேறயா நிக்குது. குளுந்து கெடந்தா தொட்டுக்கும்; காஞ்சா விட்டுரும்” என்றார். அந்தக் காலத்து ஹோண்டாக்கள் பலவற்றுக்கு இது குலவியாதி என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எந்த இன்ஜின் இருந்தாலும் வந்திருக்கும். இன்ஜினே மாற்றாத வண்டிக்கும் வரும்.

நகை வேலையின் பொடியும் வெங்காரமும் இதற்கு ஆகாது. பக்கத்து ரேடியோ கடைக்காரரிடமிருந்து ஈயக்கோலை வாங்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சித்தப்பாவே எல்லாக் கால்களுக்கும் புதிதாகப் பற்று வைத்தார். பத்து நிமிட வேலை. செலவு ஒரு டீ. அன்றிலிருந்து ஓராண்டு ஆகிறது. நடுவில் முழுக் கத்திரியும் கடந்துவிட்டது. வண்டி ஒரு முறைகூட மறுக்கவில்லை.

குறை தீர்ந்துவிட்டதே, பிறகேன் கோபம் என்று மனைவி கேட்கிறார். கோபம் குறையின் மேல் இல்லை. இரண்டு ஆண்டுகள் நான் அந்த இன்ஜினை நம்பாமல் ஓட்டினேன். தொப்பூர் மேட்டில் அது பாடும்போதெல்லாம், இறங்கி டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகுமா என்ற கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கல்யாணங்களுக்குப் பஸ்ஸில் போனோம். தவறு செய்யாத இன்ஜின் மீது பழி சுமத்தி, விற்றுவிடலாம் என்று இருவரிடம் விலையும் பேசினேன். இன்றைக்கும் சாவியைப் போட்டால் கை தானாக நின்று அந்த இரண்டு நொடி முனகலைக் கேட்ட பிறகுதான் திருப்புகிறது. ரேடியோ பாடினால் அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: வேண்டாம். வண்டி அருமையாக இருக்கிறது, மலை ஏறுகிறது, நகருக்குள் லிட்டருக்குப் பதினொன்று தருகிறது, சட்டப்படியும் சுத்தமாக இருக்கிறது, இருந்தும் வேண்டாம். உங்கள் 1.3 புகை விடாத வரையில் அதையே ஓட்டுங்கள். ஆத்தூரில் உங்கள் வீட்டு வாசலில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை, எனவே முதலில் அந்த மெயின் ரிலேயைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள், சித்தப்பா பற்று வைத்துத் தருவார் என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரிலேயை மறந்துவிட்டாராம். அவர் ஃபோனில் உக்கடத்திலிருந்து வந்த படம் ஒன்று இருந்தது. தரையில் கோணிச்சாக்கின் மேல் ஒரு விடெக் இன்ஜின். வால்வு கவரின் நிறத்தைப் பற்றி அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நான் படத்தைப் பெரிதாக்கி, பிளாக்கில் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.